ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்குக் கட்டுமான நிர்வாக மென்பொருள்: எதைப் பார்த்து வாங்குவது

கட்டுமான மேலாண்மைக்கு என்று விற்கிற மென்பொருள்களில் பெரும்பாலானவை கான்ட்ராக்டருக்காக எழுதப்பட்டவை. சித்தாள் வருகைப் பதிவு, சிமென்ட் இருப்பு, வாடகை ஜேசிபியின் மணிக்கணக்கு, சப்-கான்ட்ராக்டர் பட்டுவாடா என்று டெமோவில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரை ஓடும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்கு அதில் முக்கால்வாசி தேவையே படாது, தேவைப்படும் கால்வாசியும் அரைகுறையாக இருக்கும். சிமென்ட் எத்தனை மூட்டை வந்தது என்பது நம் தலைவலி இல்லை. எந்த டிராயிங், எந்த ரிவிஷன், யாரிடம், எந்தத் தேதியில் போனது. சைட்டிலிருந்து என்ன கேட்டார்கள், நாம் என்ன பதில் சொன்னோம், எப்போது சொன்னோம். பில்லில் கையெழுத்துப் போட்டபோது எதைப் பார்த்துப் போட்டோம். நம் தலைவலி இவ்வளவுதான். இதற்கெல்லாம் ஒழுங்காகப் பதிவு வைத்துத் தருவது எது என்று தேடினால் போதும், பட்டியல் தானாகவே பாதியாகச் சுருங்கிவிடும்.

தமிழ்நாட்டில் வீடு, அபார்ட்மென்ட், பள்ளிக்கூடம், சின்ன ஆஸ்பத்திரி என்று கலந்து செய்கிற ஆபீஸ்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெரிய பிஎம்சி (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் கன்சல்டன்சி) கம்பெனி உள்ளே இருக்கும் ஐடி பார்க் மாதிரி வேலைகளில் எந்த மென்பொருள் என்பதை அவர்களோ கிளையன்ட்டோ முடிவு செய்துவிடுவார்கள், நமக்கு ஒரு லாகின் வரும். அதிலும் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நம் வேலை எதுவரை

மென்பொருள் தேடும் முன் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் நியமன நிபந்தனைகளையும், கிளையன்ட்டோடு நீங்கள் போட்டிருக்கும் ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்து வாசித்துவிடுங்கள். ஆர்க்கிடெக்ட் பேசி வைத்துக்கொண்ட இடைவெளியில் சைட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், டிராயிங்கில் சந்தேகம் வந்தால் விளக்க வேண்டும், முடிவில் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது, கட்டடம் பயன்பாட்டுக்குத் தயார் என்று சொல்லும் வர்ச்சுவல் கம்ப்ளீஷன் சான்றிதழ் தர வேண்டும். தினசரி மேற்பார்வைக்குத் தனியாக ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பது கிளையன்ட்டின் பொறுப்பு என்றுதான் அதில் இருக்கிறது. அந்த ஆள் நம் வழிகாட்டுதலில் வேலை செய்வார், ஆனால் நாள் முழுக்க சைட்டில் நிற்பது அவர்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மென்பொருளில் இருக்கிறதே என்று தினசரி லேபர் ரிப்போர்ட், சென்ட்ரிங் பிரிக்கும் தேதி, சேஃப்டி செக்லிஸ்ட் எல்லாவற்றையும் நம் கணக்கில் திறந்து வைத்துவிட்டால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நாளைக்குப் பிரச்சினை வரும்போது ‘தினமும் உங்கள் ஸ்கிரீனுக்கு வந்துகொண்டுதானே இருந்தது’ என்று ஒருவர் கேட்பார். தேவையில்லாத மாட்யூலை அணைத்து வைக்க முடியுமா என்பதும் ஒரு தகுதிதான். கேளுங்கள்.

முதலில் ஒரு பழைய புராஜெக்டைப் பிரித்துப் போடுங்கள்

டெமோவுக்கு ஆளைக் கூப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. முடிந்துபோன புராஜெக்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் சண்டை நடந்ததாக இருந்தால் நல்லது. அதில் ஒரு கேள்வியை மட்டும் பிடித்து ஆதியிலிருந்து அந்தம் வரை தேடிப் பாருங்கள்.

எல்லா ஆபீஸிலும் நடப்பதுபோல ஒன்று சொல்கிறேன். டாய்லெட் சங்கன் ஸ்லாப், அதாவது பைப் ஓடுவதற்காகத் தரை மட்டத்தைவிட இறக்கிப் போடும் ஸ்லாப். நம் டிராயிங்கில் இறக்கம் 300 மில்லிமீட்டர், ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் 225. மறுநாள் காலை கான்கிரீட். முந்தைய நாள் சாயங்காலம் சைட் இன்ஜினியர் டிராயிங்கைப் போட்டோ பிடித்து ‘சார் எது ஃபாலோ பண்றது?’ என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார். நம் ஜூனியர் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டுக்கு போன் போடுகிறார், அவர் வண்டி ஓட்டிக்கொண்டே ‘300 பண்ணிக்கலாம், கம்பியை மட்டும் இறக்கிக் கட்டச் சொல்லுங்க’ என்கிறார். ஜூனியர் ‘300 ஓகே’ என்று பதில் போடுகிறார், கூடவே ஒரு கட்டைவிரல். கான்கிரீட் போட்டாகிவிட்டது. டிராயிங் திருத்தப்படவே இல்லை. எட்டு மாதம் கழித்து கான்ட்ராக்டர் அதிகப்படி ஃபில்லிங், சென்ட்ரிங் என்று எக்ஸ்ட்ரா ஐட்டம் கேட்டு நிற்கிறார், கிளையன்ட் ‘யார் சொன்னது?’ என்கிறார், அந்த ஜூனியர் வேறு ஆபீஸுக்குப் போயாயிற்று, மெசேஜ் அவருடைய சொந்தப் போனில் இருக்கிறது.

இப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கேள்வி எங்கே பதிவாகியிருக்கிறது? பதில் சொன்னது யார்? கன்சல்டன்ட் சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது உண்டா? டிராயிங் மாறியதா? காசு கூடுமா என்று யாராவது அன்றைக்கே கேட்டார்களா? எந்தெந்த இடத்தில் நூல் அறுந்திருக்கிறதோ அதுதான் உங்கள் ஆபீஸின் தேவைப் பட்டியல். இன்னொரு ஆபீஸின் எக்செல் செக்லிஸ்டை வாங்கி வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக டிக் அடிப்பதைவிட இது பல மடங்கு உருப்படியானது.

டிராயிங்கும் ஆர்எஃப்ஐயும்

இந்த இரண்டில் ஒரு மென்பொருள் சரியாக இருந்தால் மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டில் சொதப்பினால் மற்ற எது இருந்தும் பிரயோஜனமில்லை.

டிராயிங் விஷயத்தில் முதல் கேள்வி, பழைய ரிவிஷன் என்ன ஆகிறது என்பது. ஆர்3 ஏற்றியதும் ஆர்2 சைட்டின் கண்ணிலிருந்து மறைய வேண்டும், ஆனால் நம்மிடம் அழியாமல் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 19650 தரத்தில் கோப்புகளை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள்: வேலையில் இருப்பது, கன்சல்டன்ட்களோடு பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பில் போட்டது. சின்ன ஆபீஸுக்கு அந்தத் தரம் முழுசாக வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பிரிவினை மட்டும் வேண்டும். ஜிஎஃப்சி (குட் ஃபார் கன்ஸ்ட்ரக்ஷன், அதாவது இதை வைத்துக் கட்டலாம்) முத்திரை விழாத எதுவும் சைட் இன்ஜினியரின் போனில் தெரியவே கூடாது. ஸ்ட்ரக்சுரல், எலக்ட்ரிக்கல், பிளம்பிங் டிராயிங்குகளையும் அதே வழியாக அனுப்பினால்தான் அர்த்தம். அவர்கள் நேராக மெயிலில் சைட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் நம் ரெஜிஸ்டர் பாதிதான்.

அடுத்தது, அனுப்பியதற்கு மட்டுமல்லாமல் திறந்து பார்த்ததற்கும் தேதி நேரத்தோடு பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆர்3 எங்களுக்கு வரவேயில்லை’ என்ற வசனத்தைக் கேட்காத ஆர்க்கிடெக்ட் யார்? அப்புறம், ஏ0 அளவு பிடிஎஃப் ஒன்றை ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். பல மென்பொருள்களின் வண்டவாளம் இங்கேயே தெரிந்துவிடும். விற்பவர் ஐபேடில் காட்டுவார், நம் சைட்டில் ஐபேட் கிடையாது. பேஸ்மென்ட்டில் சிக்னலும் கிடையாது, அதனால் முன்பே இறக்கி வைத்த டிராயிங் நெட் இல்லாமல் திறக்கிறதா என்பதையும் அங்கேயே நின்று சோதிக்க வேண்டும்.

என்னதான் ஆப் இருந்தாலும் கம்பி வளைக்கும் பார் பெண்டர் பார்ப்பது ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டிய பிரின்ட்டைத்தான். அதை மாற்ற முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். டைட்டில் பிளாக்கில் ஒரு க்யூஆர் கோடு இருந்து, ஸ்கேன் செய்தால் ‘இது பழைய ரிவிஷன்’ என்று சொல்கிற வசதி சில மென்பொருள்களில் உண்டு. இல்லாவிட்டால் ஜிஎஃப்சி ஃபோல்டரின் லிங்க்கை நீங்களே க்யூஆர் ஆக்கி டெம்ப்ளேட்டில் போட்டுவிடலாம், காசு செலவில்லை.

ஆர்எஃப்ஐ என்பது சைட்டிலிருந்து எழுத்தில் வரும் கேள்வி. இதில் பார்க்க வேண்டியது, கேட்பது எவ்வளவு சுலபம் என்பது. சைட் இன்ஜினியர் கையில் சிமென்ட் தூசியோடு, வெயிலில் திரை தெரியாமல், பக்கத்தில் மேஸ்திரி ‘சார் சீக்கிரம்’ என்று நிற்கும்போது கேட்கிறார். போட்டோ, டிராயிங்கில் ஒரு புள்ளி, இரண்டு வரி. இதற்கு மேல் ஆறு கட்டம் நிரப்பச் சொன்னால் அவர் வாட்ஸ்அப்புக்கே திரும்பிப் போய்விடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. தமிழில் டைப் செய்தால் எழுத்து உடைகிறதா, பிறகு அதே சொல்லைத் தேடினால் கிடைக்கிறதா, ரிப்போர்ட்டை பிடிஎஃப் எடுத்தால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறதா என்பதையும் பாருங்கள். திரையில் தமிழ் நன்றாகத் தெரியும் மென்பொருள்கூட பிடிஎஃப்பில் காலை வாரிவிடும்.

நம் பக்கத்தில் வேண்டியது வேறு. கேள்வி இப்போது யாரிடம் நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். நாமா, ஸ்ட்ரக்சுரலா, கிளையன்ட்டா? பதிலில் ‘செலவு கூடுமா, நாள் கூடுமா’ என்ற இரண்டு கட்டம் கட்டாயமாக இருக்க வேண்டும். பதிலால் டிராயிங் மாறுகிறது என்றால் அந்தப் புதிய ரிவிஷனை இணைக்காமல் ஆர்எஃப்ஐயை மூட முடியாதபடி வைக்க முடிந்தால் மேலே சொன்ன சங்கன் ஸ்லாப் கதையின் பாதி அங்கேயே முடிந்திருக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவு கான்ட்ராக்டரின் தாமதத்தை மட்டும் காட்டாது, நம் தாமதத்தையும் காட்டும். பதினெட்டு நாள் பதில் சொல்லாமல் வைத்திருந்தால் அது அப்படியே தேதியோடு நிற்கும். கிளையன்ட் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுப் பார்க்கத் தயாரில்லாத ஆபீஸ் மென்பொருளுக்கு முன் பதில் சொல்லும் பழக்கத்தைச் சரிசெய்துகொள்வது நல்லது.

ஆர்ஏ பில்லில்தான் வெளிநாட்டு மென்பொருள் மாட்டிக்கொள்ளும்

ஆர்ஏ (ரன்னிங் அக்கவுன்ட்) பில் என்பது வேலை நடக்க நடக்க கான்ட்ராக்டர் அவ்வப்போது போடும் பில். அமெரிக்க மென்பொருள்களின் பில் பகுதி அவர்கள் ஊர் வழக்கப்படி எழுதப்பட்டது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தொகை, இத்தனை சதவீதம் முடிந்தது, அதனால் இவ்வளவு பணம் என்று போகும். நமக்கு அப்படி இல்லை. பெரும்பாலும் ஐட்டம் ரேட் ஒப்பந்தம். பிஓக்யூவில் (ஐட்டம், அளவு, ரேட் எழுதிய ஒப்பந்தப் பட்டியல்) ஒவ்வொரு ஐட்டத்துக்கும் போன பில் வரை அளவு, இந்த பில்லில் அளவு, மொத்த அளவு, அதற்குப் பின்னால் நீளம் அகலம் உயரம் எழுதிய மெஷர்மென்ட் ஷீட். அதிலிருந்து ரிடென்ஷன் (உத்தரவாதமாகப் பிடித்து வைக்கும் தொகை), வேலை தொடங்கக் கொடுத்த மொபிலைசேஷன் அட்வான்ஸ் பிடித்தம், சைட்டில் கிடக்கும் மெட்டீரியலுக்குக் கொடுத்த அட்வான்ஸ், டிடிஎஸ், அதன்மேல் ஜிஎஸ்டி. பிஓக்யூவைவிட அளவு கூடிய ஐட்டம் தனி, பிஓக்யூவிலேயே இல்லாத எக்ஸ்ட்ரா ஐட்டம் தனி, அதற்கு ரேட் அனாலிசிஸ் தனி.

இதை அந்த மென்பொருளுக்குள் திணிக்க முயல்பவர்கள் கடைசியில் எக்செலிலேயே பில் போட்டு பிடிஎஃப்பை ஏற்றுகிறார்கள். என் கருத்தில் அதில் தப்பு ஒன்றும் இல்லை. பில் கணக்கு எக்செலில் இருக்கட்டும். நமக்கு வேண்டியது, கான்ட்ராக்டர் கொடுத்த பில், கியூஎஸ் (அளவுகளைச் சரிபார்க்கும் குவான்டிட்டி சர்வேயர்) சரிபார்த்துத் திருத்தியது, நாம் சான்று கொடுத்தது என்ற மூன்றும் தேதியோடு ஒரே இடத்தில் இருப்பதும், ஒவ்வொரு எக்ஸ்ட்ரா ஐட்டமும் எந்த ஆர்எஃப்ஐ அல்லது எந்த ஆர்க்கிடெக்ட் இன்ஸ்ட்ரக்‌ஷனால் வந்தது என்ற இணைப்பும்தான். பில் மாட்யூல் அருமையாக இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் காசு கொடுத்தால், நம் ஒப்பந்தத்தின் உண்மையான ஆர்ஏ பில் ஒன்றை, குறைந்தது மூன்றாவது பில்லை, அதில் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். முதல் பில் எதிலும் சரியாக வரும்.

ரெரா பதிவுள்ள அபார்ட்மென்ட் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி வீடு வாங்குபவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அதிலிருந்து எடுக்க இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், சார்ட்டர்ட் அக்கவுன்ட்டன்ட் மூன்று பேரும் வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று சான்று தர வேண்டும். அந்தச் சதவீதத்தை எந்தத் தேதியில் எந்த போட்டோவையும் சைட் ரிப்போர்ட்டையும் வைத்துப் போட்டோம் என்பது ஒரே சொடுக்கில் வர வேண்டும். போட்டோவின் தேதியை யாரும் மாற்ற முடியாத மென்பொருளாக இருந்தால் நிம்மதி.

சாம்பிள் அப்ரூவல், ஷாப் டிராயிங் (செய்து பொருத்துபவர் போட்டுத் தரும் விவர டிராயிங்), ஸ்னாக் லிஸ்ட் (கடைசியில் சரிசெய்ய வேண்டிய குறைகளின் பட்டியல்) இதெல்லாம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சுமாராக நன்றாகவே இருக்கும், அதிகம் யோசிக்க வேண்டாம். சைட் விசிட் ரிப்போர்ட்டில் மட்டும் ஒரு பரிசோதனை: சைட்டிலிருந்து கிளம்பி கார் ஆபீஸுக்கு வந்து சேர்வதற்குள் ரிப்போர்ட் போனிலிருந்தே போய்விட வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து போட்டோவை வேர்டில் ஒட்டும் வேலை மிச்சமாகவில்லை என்றால் எதற்கு வாங்குகிறோம்?

வாட்ஸ்அப்பை என்ன செய்வது

ஒழிக்க முடியாது. குரூப்பைக் கலைத்தால் நமக்குத் தெரியாமல் இன்னொரு குரூப் தொடங்குவார்கள். பேச்சு வாட்ஸ்அப்பில் நடக்கட்டும், முடிவு அங்கே நடக்கக் கூடாது. ‘ஆர்எஃப்ஐ 47-ல் பதில் போட்டிருக்கிறேன், பாருங்கள்’ என்று லிங்க்கை மட்டும் குரூப்பில் போடும் பழக்கத்துக்கு ஆபீஸ் வந்துவிட்டால் சைட்டும் தானாக வரும். ஆகவே லிங்க்கைத் தட்டியதும் பாஸ்வேர்டு கேட்காமல், அல்லது ஒரு ஓடிபியோடு, நேராக அந்தக் கேள்வி திறக்கிறதா என்று பாருங்கள். மெயில் ஐடி கட்டாயம் என்றால் நம் ஊர் சைட்டில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள், அவர்களுக்கு போன் நம்பர்தான் அடையாளம்.

சட்டப் பக்கமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் சான்றாகக் கொடுக்கும்போது கூடவே சான்றிதழ் ஒன்று தர வேண்டும், அதன் படிவத்தில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை மாதிரியான குறியீடு) கேட்கிறார்கள். வேலையை விட்டுப் போன ஜூனியரின் போனிலிருந்து இதையெல்லாம் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். மென்பொருளின் சர்வரில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற வரலாறு இருந்தால் வக்கீலுக்கும் வேலை சுலபம். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி: மூடிய ஆர்எஃப்ஐ ஒன்றின் பதிலை அட்மின் லாகினில் போய் மாற்றிப் பாருங்கள். தடயமே இல்லாமல் மாறினால், அதை வாங்காதீர்கள்.

பெயர் சொல்லுங்கள் என்பவர்களுக்கு

புரோகோர் கான்ட்ராக்டர்களுக்கான பெரிய யானை. ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் வருடத்துக்கு எத்தனை கோடிக்குக் கட்டுகிறீர்கள் என்பதை வைத்து விலை சொல்கிறார்கள், ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் சொந்தக் காசில் வாங்குவதற்கான பொருள் அது இல்லை. ஆனால் கான்ட்ராக்டரோ கிளையன்ட்டோ வாங்கியிருந்தால் நம்மை உள்ளே சேர்க்க நமக்குச் செலவில்லை. முன்னால் சொன்ன அந்தக் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: அங்கே நாம் சொல்லும் பதில் எல்லாம் அவர்கள் கணக்கில் இருக்கிறது. புராஜெக்ட் முடிந்து லாகினை அணைத்தால் நம் பதிவு நம்மிடம் இல்லை. அப்படிப்பட்ட புராஜெக்டில் மாதம் ஒருமுறை ஆர்எஃப்ஐ லாகையும் டிராயிங் லாகையும் இறக்கி நம் சர்வரில் வைப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

ஆட்டோடெஸ்க் ஏஇசி கலெக்‌ஷன் சந்தா கட்டுகிற ஆபீஸ் என்றால் ஆட்டோடெஸ்க் டாக்ஸ் அதிலேயே சேர்ந்து வருகிறது. பல ஆபீஸ்கள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. டிராயிங் வெளியீடு, ரிவிஷன், அனுப்புதல் பதிவு அதிலேயே முடியும். புதிதாக எதையும் வாங்குமுன் இதைப் பாருங்கள். ஃபுல் ஆர்எஃப்ஐ, சப்மிட்டல் (கான்ட்ராக்டர் ஒப்புதலுக்கு அனுப்பும் சாம்பிள், ஷாப் டிராயிங்) எல்லாம் வேண்டுமென்றால் ஆட்டோடெஸ்க் பில்டு, அதற்குத் தனிக் காசு.

நியூஃபோர்மா, பார்ட்3 இரண்டும் உண்மையிலேயே ஆர்க்கிடெக்ட் பக்கத்திலிருந்து யோசித்துச் செய்தவை. நியூஃபோர்மாவின் பலம் அவுட்லுக் மெயில்களைப் புராஜெக்ட் வாரியாகக் கோப்பில் போடுவது. கனடாவின் பார்ட்3 கட்டுமான நிர்வாகத்துக்கு மட்டுமே என்று வந்தது, ஆனால் வட அமெரிக்க ஒப்பந்த நடைமுறையை ஒட்டியது. வெளிநாட்டு ஆபீஸ்களுக்கு இங்கிருந்து வேலை செய்து கொடுக்கிறவர்களுக்கு இந்த இரண்டும் பொருந்தும். உள்ளூர் வேலைக்கு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

ஃபீல்டுவயர் டிராயிங்கை போனில் வேகமாகத் திறப்பதிலும் அதில் புள்ளி வைத்து வேலை ஒதுக்குவதிலும் கெட்டி. ஸ்னாக் லிஸ்டுக்கு அருமை. ஆர்எஃப்ஐ வேண்டும் என்றால் மேல்தட்டுக் கட்டணத்துக்குப் போக வேண்டும். பெங்களூரிலிருந்து வரும் பவர்பிளே மாதிரி இந்திய ஆப்கள் நம் சைட் ஆட்களின் கைக்குப் பழகியவை, விலையும் நம் விலை, ஆனால் முதல் பத்தியில் சொன்ன கதைதான், கான்ட்ராக்டர் பக்கம் சாய்ந்தவை.

சோஹோ கிரியேட்டரில் சொந்தமாகவே ஒரு ஆர்எஃப்ஐ ரெஜிஸ்டரும் டிராயிங் ரெஜிஸ்டரும் செய்துகொள்ளலாம், ரூபாயில் பில், சப்போர்ட்டுக்குத் தமிழில் பேசவும் ஆள் கிடைக்கும். ஆபத்து என்னவென்றால் அதைச் செய்த ஆள் போய்விட்டால் யாருக்கும் தொடத் தெரியாது. அதனால் வெளி ஆளை வைத்துச் செய்தாலும் அட்மின் கணக்கு ஆபீஸ் பெயரில் இருக்க வேண்டும்.

நாலைந்து பேர் ஆபீஸ், ஒரு நேரத்தில் நாலு வேலை என்றால் கூகுள் டிரைவும் ஷீட்டும் ஒரு கூகுள் ஃபார்மும் போதும் என்று தைரியமாகச் சொல்வேன். சைட்டுக்கு ஜிஎஃப்சி என்ற ஒரே ஃபோல்டர், பார்க்க மட்டும் அனுமதி. பழைய ரிவிஷனை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தும் வேலை ஒரே ஒரு ஆளுக்கு. கேள்வி கேட்க ஃபார்ம், அது தேதியோடு ஷீட்டில் விழும், பதில் பக்கத்துக் கட்டத்தில். புராஜெக்ட் பத்தைத் தாண்டும்போது இது மூச்சு வாங்கத் தொடங்கும், அப்போது மாறலாம்.

காசுக் கணக்கு

ஆளுக்கு மாதம் இவ்வளவு என்ற விலையைப் பார்த்து ‘நாம் 12 பேர்தானே’ என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு புராஜெக்டுக்கு ஸ்ட்ரக்சுரல், எலக்ட்ரிக்கல், பிளம்பிங், கான்ட்ராக்டர், அவருடைய சைட் இன்ஜினியர், கிளையன்ட், கிளையன்ட் வைத்த சூப்பர்வைசர் என்று ஏழெட்டு வெளியாட்கள். எட்டுப் புராஜெக்ட் என்றால் ஆபீஸ் ஆட்களைவிட வெளியாட்கள் நாலைந்து மடங்கு. அவர்கள் இலவசமா, இலவசம் என்றால் என்னென்ன செய்ய முடியும், பார்க்க மட்டுமா, கேள்வி கேட்கவும் முடியுமா? விலையை முடிவு செய்வது இந்த ஒரு கேள்விதான்.

டாலரில் கட்டுவதாக இருந்தால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும், ஜிஎஸ்டி பதிவுள்ள ஆபீஸ் என்றால் ரிவர்ஸ் சார்ஜில் (விற்பவருக்குப் பதிலாக வாங்குபவரே வரி கட்டும் முறை) 18 சதவீதம் முதலில் ரொக்கமாகக் கட்டிவிட்டுப் பிறகு கிரெடிட் எடுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தானாகப் போகும் சந்தா 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். வருடச் சந்தா புதுப்பிக்கும் நாளில் ஓடிபி வரும் போன் வெளியூரில் இருந்து, கணக்கு முடங்கி, சைட்டில் டிராயிங் திறக்காமல் போவதெல்லாம் நடக்கிற கதை. காலண்டரில் பத்து நாள் முன்பே குறித்து வையுங்கள்.

சோதித்துப் பார்ப்பது

டெமோ புராஜெக்டை ஒதுக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் சைட் ஒன்றில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், ஸ்லாப் கான்கிரீட் வரும் மாதமாக இருந்தால் நல்லது, கேள்விகள் குவியும். யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதில்தான் ஆபீஸ்கள் சறுக்குகின்றன. பிரின்சிபல் ஆர்க்கிடெக்ட்டுக்கு டேஷ்போர்டு பிடித்துப் போகும், ஆனால் அவர் அதை மாதம் இரண்டு தடவை பார்ப்பார். தினமும் அதில் உழலப் போவது புராஜெக்ட் ஆர்க்கிடெக்ட்டும் சைட் இன்ஜினியரும். அவர்கள் இருவரும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மாத முடிவில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் காசு கட்டவே கூடாது. சில மென்பொருள்கள் ஒரு ஜிப் கோப்பைக் கொடுக்கும், திறந்தால் உள்ளே எண்ணும் எழுத்துமாகப் பெயர் வைத்த ஆயிரம் போட்டோ, எது எந்த ஆர்எஃப்ஐயைச் சேர்ந்தது என்று பிரம்மனுக்கும் தெரியாது. ஒவ்வொரு ஆர்எஃப்ஐயும் கேள்வி, பதில், படம், தேதி எல்லாம் சேர்ந்து ஒரு பிடிஎஃப்பாகவும், மொத்தப் பட்டியல் எக்செலாகவும் வந்தால் தேறியது. இந்தத் துறையில் கம்பெனிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பிளான்கிரிட்டை ஆட்டோடெஸ்க் 2018-ல் 87.5 கோடி டாலருக்கு வாங்கிப் பிறகு பில்டுக்குள் கரைத்தது, ஃபீல்டுவயரை 2021-ல் ஹில்டி வாங்கியது. நீங்கள் இன்றைக்கு வாங்குவது மூன்று வருடம் கழித்து இதே பெயரில் இதே விலையில் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

வாங்கிய பிறகு

ஓடிக்கொண்டிருக்கும் பழைய புராஜெக்டுகளை உள்ளே இழுக்காதீர்கள், பாதிக் கிணறு தாண்டியவை அப்படியே முடியட்டும். புதிதாக டெண்டர் விடும் ஒன்றில் தொடங்குங்கள், ஏனென்றால் டெண்டர் ஆவணத்திலேயே ‘டிராயிங் வெளியீடும் ஆர்எஃப்ஐயும் இந்த மென்பொருள் வழியாக மட்டும், வாய்மொழியாகவோ வாட்ஸ்அப்பிலோ சொன்னது இரண்டு வேலை நாளுக்குள் இதில் பதிவாகாவிட்டால் உத்தரவாகக் கொள்ளப்படாது’ என்று ஒரு ஷரத்து போட்டுவிடலாம். நடுவில் வந்து சொன்னால் கான்ட்ராக்டர் கேட்கமாட்டார். டிராயிங் எண் முறையை மென்பொருள் வருமுன் ஆபீஸ் முழுக்க ஒன்றாக்கிவிடுங்கள், ஒருவர் ஆர்3 என்றும் இன்னொருவர் ரிவ்-சி என்றும் போட்டுக்கொண்டிருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

புராஜெக்ட் முடிந்து வர்ச்சுவல் கம்ப்ளீஷன் சான்றிதழ் கொடுக்கும் வாரத்திலேயே முழு ஏற்றுமதி எடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று ஆபீஸில், ஒன்று வெளியே என்று வையுங்கள். ரெரா திட்டங்களில் சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடம் வரை கட்டுமானக் குறைபாட்டுக்கு பில்டர் பொறுப்பு, அவரை யாராவது பிடித்தால் அவர் முதலில் போன் போடுவது ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டுக்கும் உங்களுக்கும்தான். அந்த ஐந்து வருடத்துக்கும் சந்தா கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, டிஸ்க் போதும். வருடத்துக்கு ஒருமுறை சொருகித் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.